இமயம் ஏறுவோரே, சுமை யார் தலையில்?

சேரன் செங்குட்டுவன் இமயத்திலே கல்லெடுத்தான்; அக்கல்லைக் கங்கையில் நீராட்டி, வஞ்சிக்குக் கொணர்ந்து, கண்ணகிக்குப் படிமம் சமைத்தான். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் கூறும் இச்செய்தியைக் கேட்டு நெஞ்சு நிமிராத தமிழர் இலர். மேடைகளிலே இதனை முழங்காத பேச்சாளரும் இலர். ஆயின், அந்தக் கல் இமயத்திலிருந்து தானாக நடந்து வந்துவிடவில்லை. போரிலே தோற்ற கனகன், விசயன் என்னும் வடபுல மன்னர் இருவரின் தலைகளில் ஏற்றப்பட்டே வந்தது. எடுத்தவன் புகழை நாம் வாயாரப் பாடி வந்திருக்கின்றோம். சுமந்த தலைகள் என்ன பாடுபட்டன என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இப்பழங்கதையை இன்று நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. எம்மவர் மீண்டும் இமயத்துக்குப் புறப்பட்டு நிற்கின்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் இளம் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள், சட்டத்தரணிகள் ஆகியோரிடையே இன்று ஒரு புதிய நாட்டம் தோன்றியிருக்கின்றது. இரண்டு மூன்று வாரம் விடுமுறை பெற்று நேபாளம் செல்வது. வழிகாட்டியின் துணையோடு எவரெஸ்ட் மலையின் அடிவார முகாம்வரை நடப்பது. அத்தோடு ஆறாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஒரு சிகரத்திலும் ஏறித் திரும்புவது. காத்மண்டு நகரத்து முகவர் நிலையங்கள் இதற்கென்றே திட்டங்களை வகுத்து வைத்திருக்கின்றன. தங்குமிடம், உணவு, அனுமதிப் பத்திரம், வழிகாட்டி, சுமைகாரர், பனிச்சரிவில் ஏறுதற்குரிய கயிறு, கருவி ஆகிய யாவும் சேர்த்து ஒரே தொகை. அத்தொகையைக் கட்டினால் மலைக்கு வழியும் கிடைக்கும். மூட்டையைச் சுமக்கத் தோளும் கிடைக்கும்.

இந்த நாட்டத்தை நாம் குறை கூற முன்வரவில்லை. அலுவலக நாற்காலியில் அமர்ந்து முதுகு வளைந்துபோகும் ஒரு தலைமுறை, தன் கால்களை நம்பி ஒரு மலையை நோக்கி நடக்க விரும்புவது நன்றே. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சிகரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையில், உங்கள் மூட்டையைச் சுமப்பவனுடைய உயிருக்கு எவ்வளவு மதிப்பு வைக்கப்பட்டிருக்கின்றது? இதனை அறியாமற் செல்வது எம்மவர்க்குத் தகாது என்பதே எமது கருத்து. அதற்கான காரணங்களைக் கூறுவோம்.

ஏறியவர் வரிசை

எமது நாட்டுக்கும் எமது இனத்துக்கும் இமயம் அந்நியமான மலையன்று. 2016-ம் ஆண்டு மே மாதம் 21-ந் திகதி ஜயந்தி குரு-உதும்பால என்னும் பெண்மணி எவரெஸ்ட்டின் உச்சியில் நின்றார். இலங்கையரில் அவ்வுச்சியை முதன்முதல் அடைந்தவர் அவரே. பெண்ணுரிமைக்காக உழைத்து வந்த அவர், டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்ற நிறுவனத்திற் பயிற்சி பெற்றவர். ஒரு நாட்டின் முதல் வெற்றியைப் பெண்ணொருவர் ஈட்டித் தருவது உலகில் அரிது. அவ்வருமை இலங்கைக்கு வாய்த்தது. அவருடன் சென்ற ஜொஹான் பீரிஸ் 8,400 மீற்றர் உயரம்வரை சென்று, உச்சி அண்மையிலிருந்தும் திரும்ப நேர்ந்தது. அவர் 2018-ம் ஆண்டு மே 22-ந் திகதி மீண்டும் ஏறி வெற்றி கண்டார். இவ்விருவரும் அதற்கு முன்னர், 2012-ல் ஏறிய சிகரம் இம்ஜா சே. இன்று எமது இளைஞர் விரும்பிச் செல்லும் சிகரமும் பெரும்பாலும் அதுவே.

தமிழரும் பின்தங்கியவரல்லர். 1997-ம் ஆண்டு மே 23-ந் திகதி மலேசிய நாட்டின் கொடி எவரெஸ்ட்டில் முதன்முறையாகப் பறந்தபொழுது, அதனைக் கொண்டு சென்றவர்கள் மகேந்திரன், மோகனதாஸ் என்னும் தமிழர் இருவர். அதே மே 23-ந் திகதி, 2023-ம் ஆண்டில், விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி உச்சியை அடைந்து, தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதற் பெண் என்ற பெயரைப் பெற்றார். ஆகவே, எம்மவரால் முடியுமா என்ற ஐயத்துக்கு இனி இடமில்லை. முடியும். எவ்வாறு முடிகின்றது என்பதே ஆராயத்தக்கது.

காற்றின் கணக்கு

இலங்கையின் மிக உயர்ந்த மலை பீதுருதலாகலை. அதன் உயரம் 2,524 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். கொழும்பிலிருந்து செல்பவர் காத்மண்டுவைத் தாண்டிச் சிறு விமானத்தில் இறங்கும் லுக்லா 2,860 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதாவது, நடையைத் தொடங்கும் இடமே எமது நாட்டின் எந்தச் சிகரத்தினும் உயர்ந்தது. அங்கிருந்து நாம்சே பசார் 3,440 மீற்றர். டிங்போச்சே 4,410 மீற்றர். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீற்றர். ஏறத்தாழ 5,500 மீற்றர் உயரத்திலே காற்றின் அழுத்தம் வெள்ளவத்தைக் கடற்கரையில் உள்ளதிற் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் பாதியே. இம்ஜா சே 6,189 மீற்றர்.

இந்தக் கணக்கை உடல் மெல்ல மெல்லத்தான் ஏற்கும். 3,000 மீற்றருக்கு மேலே, இரவு உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேற் கூட்டலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓரிடத்திலேயே தங்கி உடலைப் பழக்கல் வேண்டும் என்பது மலைமருத்துவர் விதி. விதியை மீறினாற் தலைவலி, குமட்டல், சோர்வு தோன்றும். அதையும் பொருட்படுத்தாது ஏறினால் மூளை வீங்கும். அல்லது நுரையீரலில் நீர் கோக்கும். நேராக நடக்க முடியாமற் தள்ளாடுவதும், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவதும் சாவின் முன்னறிவிப்புக்கள். அவற்றுக்கு உறுதியான மருந்து ஒன்றே: தாமதியாது கீழே இறங்குதல். 1973-ல் அமைந்த இமாலய மீட்புச் சங்கம் பெரிச்சே என்ற ஊரில் நடத்திவரும் வைத்திய நிலையம் காத்த உயிர்கள் பல. இவை எமது வைத்தியர்கள் அறிந்தவையே. இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது வேறு. இதே காற்றைத்தான் சுமைகாரனும் மூச்சு வாங்குகின்றான். வெறுங்கையோடு நடப்பவனுக்கே இக்கதி என்றால், தலையிற் சுமையோடு நடப்பவன் கதி யாது?

சுமப்பவன் யார்?

மலையில் எமக்கு உதவுவோர் யாவரும் ஷெர்பாக்கள் என்றும், ஷெர்பா என்றாற் குளிரும் உயரமும் தாக்காத உடல் படைத்தவர் என்றும் எம்மவர் எண்ணுகின்றனர். ஷெர்பா என்பது ஒரு தொழிலின் பெயரன்று. ஓர் இனத்தின் பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்தின் கிழக்குப் புறத்திலிருந்து வந்து எவரெஸ்ட்டின் அடிவாரத்தே குடியேறிய மக்கள் அவர்கள். அவர்களிற் பலர் இன்று வழிகாட்டிகளாகவும் விடுதி உரிமையாளராகவும் உயர்ந்துள்ளனர். அவ்வினத்தவரான காமி ரீட்டா 2025-ம் ஆண்டு மே மாதத்தில் 31-வது முறையாக எவரெஸ்ட் உச்சியை மிதித்தார். உலகில் வேறெவரும் அத்துணை முறை ஏறியதில்லை.

ஆனால் பாதையிலே பயணிகளின் மூட்டைகளைச் சுமந்து செல்வோரிற் பெரும்பாலோர் ஷெர்பாக்களல்லர். ராய், தமாங், மகர் முதலிய இனங்களைச் சேர்ந்த, தாழ்ந்த மலைப்புறங்களின் ஏழைக் கமக்காரர் அவர்கள். வயலில் வேலையில்லாத மாதங்களிற் கூலிக்கு வருகின்றனர். உயர்ந்த இடத்துக் காற்று அவர்களுக்கும் புதிது. எம்மைப்போல அவர்களும் நோயுறுகின்றனர். டோக்கோ என்னும் மூங்கிற் கூடையிற் சுமையை வைத்து, நாம்லோ என்னும் பட்டையை நெற்றியிலே மாட்டி, தலையாலும் கழுத்தாலும் அவர்கள் சுமக்கின்றனர்.

இக்காட்சியை எங்கோ கண்டதாக உங்களுக்குத் தோன்றவில்லையா? மஸ்கெலியாவிலும் நுவரெலியாவிலும் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, அட்டை கடிக்கும் சரிவிலே ஏறி இறங்கும் எமது மலையகப் பெண்மணியை எண்ணிப் பாருங்கள். தலை வேறு, மலை வேறு, சுமை ஒன்றே.

கணக்கிலே வராதவர்

எவரெஸ்ட்டின் வரலாற்றிலே முதலிற் பதிவான மரணங்கள் எவருடையவை? 1922-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ந் திகதி பிரித்தானியக் குழுவொன்று மலையின் வடபுறத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது பனி சரிந்தது. ஏழு சுமைகாரர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவர்கூட இறக்கவில்லை. அக்குழுவிலிருந்து உயிர் தப்பியவர்களில் ஒருவர் சொமர்வெல் என்னும் சத்திரவைத்தியர். அந்த ஏழு பேரோடு தானும் பனியிற் கிடந்திருக்கலாகாதா, இழப்பிலும் நாங்கள் பங்காளிகள் என்று எஞ்சிய சுமைகாரர் உணர்ந்திருப்பரே என்ற பொருள்பட அவர் பின்னாளில் எழுதினார்.

அவர் எழுதியதோடு நின்றுவிடவில்லை. இமயத்திலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூருக்கு வந்தார். மிஷன் வைத்தியசாலையிலே நோயாளர் திரண்டு கிடப்பதையும் வைத்தியர் போதாமையையும் கண்டார். இலண்டனிலே காத்திருந்த உயர்வைக் கைவிட்டு, அங்கேயே பல்லாண்டு பணியாற்றினார்; பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் சேவை செய்தார். எவரெஸ்ட்டில் ஏறிய அந்தக் கைகள் தென்கோடித் தமிழரின் வயிற்றைக் கீறிப் புண்ணாற்றின. எமது வைத்தியர்கள் இமயத்துக்குப் போகுமுன் இவருடைய வரலாற்றை அறிந்து செல்லல் நன்று.

1953-ம் ஆண்டுக்கு வருவோம். மே 29-ந் திகதி எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங் நோர்கேயும் உச்சியை அடைந்தனர். அந்தப் பயணத்தின் பொதிகளை அடிவாரம்வரை சுமந்தோர் 350 பேருக்கும் அதிகம். பயணத்தின் தொடக்கத்திலே காத்மண்டுவிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தில் வெள்ளையருக்கு அறைகள் கொடுக்கப்பட்டன. ஷெர்பாக்களுக்குக் கிடைத்தது கார்க் கொட்டகை. வெற்றிக்குப் பின்னர் ஹில்லரியும் குழுத்தலைவர் ஹண்டும் 'சேர்' ஆயினர். டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம் மட்டுமே கிடைத்தது. அதற்குக் காரணங்கள் பல கூறப்பட்டன; கூறப்பட்ட காரணங்களால் வேறுபாடு மறைந்துவிடவில்லை. முதலிற் கால் வைத்தவர் யார் என்ற வாக்குவாதத்தில் நாடுகள் அன்று ஆரவாரம் செய்தன. ஒரே கயிற்றிற் பிணைந்து ஏறிய இருவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஹில்லரியே ஓரடி முந்தினார் என்பதை டென்சிங் 1955-ல் வெளிவந்த தம் வரலாற்றிலே ஒளிக்காது கூறிவிட்டார்.

அதே ஆண்டில், எவரெஸ்ட்டுக்குப் பயிற்சியாக இம்ஜா சே மலையிலும் ஒரு குழு ஏறிற்று. அதில் ஆங்கிலேயர் மூவர், டென்சிங், இன்னும் எழுவர். மூவரின் பெயரும் டென்சிங்கின் பெயரும் குறிப்புக்களிலே வழங்குகின்றன. மற்ற எழுவர் பெரும்பாலும் "ஏழு ஷெர்பாக்கள்" என்ற தொகையாகவே நிற்கின்றனர். பனிக்கடலின் நடுவே தீவுபோலத் தோன்றியமையால் அச்சிகரத்துக்குத் "தீவுச் சிகரம்" என்று பிரித்தானியர் பெயரிட்டனர். மலைக்குப் பெயர் சூட்டியவர், கூட வந்த மனிதரின் பெயரை மறந்தனர்.

இவை வெள்ளையர் காலத்துப் பழங்கதைகள் என்று கூறித் தப்ப முடியாது. 2014-ம் ஆண்டு ஏப்ரில் 18-ந் திகதி எவரெஸ்ட்டின் கும்புப் பனிவீழ்ச்சியிலே பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். பணம் கட்டி ஏற வந்தோர் முகாமிலிருக்க, அவர்களுக்காகக் கயிறும் உணவும் கூடாரமும் மேலே கொண்டு சென்றவர்கள் இறந்தனர். அந்நாளில் எழுவர் கொண்ட ஒரு குழுவிடம் நேபாள அரசாங்கம் பெற்ற அனுமதிக் கட்டணம் 70,000 டொலர். இறந்தவர் குடும்பம் ஒன்றுக்கு உடனடியாக அது கொடுக்க முன்வந்த தொகை 40,000 நேபாள ரூபா. ஏறத்தாழ 400 டொலர். ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு மலையின் தென்புறத்திலே வேலை நின்றது. அதன் பின்னரே தொழிலாளருக்கான உயிர்க்காப்புறுதி 10 இலட்சத்திலிருந்து 15 இலட்சம் நேபாள ரூபாவாக உயர்ந்தது. இரக்கத்தால் வந்த உயர்வன்று அது. வேலைநிறுத்தத்தால் வந்த உயர்வு.

இது எமக்குப் புரியாததா?

தேயிலை ஏற்றுமதியால் இலங்கையின் கருவூலம் நிரம்பிய காலத்திலேயே, அத்தேயிலையைப் பறித்தவர்களின் குடியுரிமை 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கச் சட்டத்தாற் பறிக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் ஒரே நாளில் நாடற்றவராயினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழிநெடுகச் செத்து விழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 2003-ம் ஆண்டுவரை சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. 1,000 ரூபா நாட்கூலியைப் பெறப் பல ஆண்டுகள் தெருவில் இறங்கிக் கேட்டு, 2021-ம் ஆண்டிலேதான் பெற்றனர். மலையின் வருவாய் அரசாங்கத்துக்கு. மலையின் ஆபத்துத் தொழிலாளிக்கு என்ற நீதி, நேபாளத்துக்கு மட்டும் உரியதன்று.

மலையகத்துக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. புறக்கோட்டையிலே மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரைப் பாருங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து அடிக்கொரு தரம் நாம் வழிபடச் செல்லும் பொன்னம்பலவாணேசர் ஆலயம் முழுவதும் கருங்கல்லாலானது. கட்டுவித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதை எமது பிள்ளைகளும் அறிவர். அக்கற்களை ஏற்றி இறக்கிய தோள்கள் எவருடையவை என்று எவரேனும் கேட்டதுண்டா?

கமக்கார அன்பர்கள், இமயம் ஏறும் கொழும்புத் துரைமாரின் கதை எமக்கு எதற்கு என்று கருதலாம். உங்களைவிட இதனை நன்கறிந்தோர் வேறெவர்? சுன்னாகத்து வெங்காயமும் இரணைமடுவின்கீழ் விளைந்த நெல்லும் கொழும்பிலே விற்கும் விலை ஒன்று. உங்கள் கைக்கு வருவது வேறொன்று. இடையிலே தரகர், லொறிக்காரர், மொத்த வியாபாரி எல்லோர்க்கும் பங்கு உண்டு. மழை பொய்த்தால் இழப்பு மட்டும் முழுமையாக உங்களுடையது. நேபாளத்துச் சுமைகாரன் நிலையும் இதுவே. பயணி கட்டும் பணம் வெளிநாட்டு முகவர், காத்மண்டு முகவர், உள்ளூர்த் தரகர் என்று கைமாறி அவனிடம் வந்து சேரும்போது, மலை தேய்ந்து மணலாகிவிடுகின்றது.

சிலர் கூறும் நியாயங்கள்

"நாங்கள் போவதாலன்றோ அவர்களுக்கு வேலை கிடைக்கின்றது? போகாவிட்டால் அவர்கள் பட்டினி கிடப்பரே" என்பர் சிலர். உண்மைதான். மலைநடைக்கு வருவோரால் கும்புப் பகுதி வளம் பெற்றிருக்கின்றது. ஹில்லரியே பின்னாளில் அம்மக்களின் கடனைத் தீர்க்க முனைந்து, 1961-ல் கும்ஜுங்கிற் பாடசாலையும் 1966-ல் குண்டேயில் வைத்தியசாலையும் அமைத்தார். ஆனால், வேலை கொடுக்கின்றோம் என்பது, எவ்விதமான வேலையும் கொடுக்கலாம் என்பதற்கு அனுமதியாகாது. இதே நியாயத்தைத்தான் தோட்டத்துரைமார் நூறாண்டுக்கு மேல் எமக்குக் கூறி வந்தனர். கொழும்பு இல்லங்கள் பலவற்றில் மலையகத்துச் சிறுமியரைப் பாத்திரம் துலக்க அமர்த்தியோரும் இதனையே கூறினர். கேட்டுக் காது புளித்த நியாயம் இது.

"இறுதியிலே கைநிறையச் சன்மானம் கொடுத்துவிடுகின்றோமே" என்பர் வேறு சிலர். கொடுப்பது நல்லது, கொடுங்கள். ஆயினும் சன்மானம் வேறு, சம்பளம் வேறு. சன்மானம் கொடுப்பவனின் மனத்தைப் பொறுத்தது; சம்பளம் பெறுபவனின் உரிமை. நல்ல பயணி வாய்த்தால் நல்ல கூலி, கருமி வாய்த்தால் வெறுங்கை என்ற நிலையை உரிமையுள்ள எந்தத் தொழிலாளியும் ஏற்கமாட்டான்.

"அங்குள்ளோரும் எம்மை ஏமாற்றுகின்றனர்" என்று முறையிடுவோரும் உண்டு. அதிலும் உண்மையில்லாமலில்லை. தேவையற்ற ஹெலிகொப்டர் மீட்புக்களை ஏற்பாடு செய்து காப்புறுதிக் கம்பனிகளிடம் பணம் கறந்த சூழ்ச்சியை 2018-ல் நேபாள அரசாங்கத்தின் விசாரணையே வெளிப்படுத்தியது. அந்தப் பணத்தைத் தின்றவன் டோக்கோ சுமந்தவனா? மிகக் குறைந்த விலை கூறும் முகவரைத் தேடிப் பயணிகள் அலைகின்றனர். குறைத்த விலையை ஈடுசெய்ய முகவர் வேறு வழி தேடுகிறார். ஒன்று, சுமைகாரனின் கூலியிலே வெட்டு விழும்; அன்றேல் இத்தகைய மோசடி நடக்கும். மலிவுக்கு எங்கோ ஒருவன் விலை கொடுத்தே தீரவேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1997-ம் ஆண்டில் நேபாளத்திலே சுமைகாரர் ஒருவர் மலையில் நோயுற்று இறந்ததன் பின்னர், சுமைகாரர் பாதுகாப்புக்கென ஒரு சர்வதேசக் குழு தோன்றியது. அது வகுத்த நெறிகள் எளியன. அவற்றைக் கொண்டே எமது இளைஞர் முகவரை ஐந்து கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது, எடை. நேபாளத்திலே ஒருவன் தலையில் 30 கிலோகிராமுக்கு மேல் ஏற்றலாகாது என்பது நெறி. உங்கள் மூட்டையும் நண்பரின் மூட்டையும் அவனது பொருள்களும் சேர்ந்தே அந்த முப்பது. வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். இரண்டாவது, உடை. உங்களுக்கு இறகு நிரப்பிய அங்கியும் தடித்த சப்பாத்தும். அவனுக்குப் பனியில் எது? மூன்றாவது, உறைவிடம். இரவு அவன் எங்கே உறங்குகின்றான், என்ன உண்கின்றான்? நான்காவது, நோய். அவன் நோயுற்றாற் துணையொருவனோடு கீழே அனுப்பப்படுவானா. அல்லது அன்றைய கூலியைக் கையில் வைத்துத் தனியே துரத்தப்படுவானா? தனியே இறங்கி வழியில் இறப்போர் அவ்வாறு அனுப்பப்பட்டவர்களே. ஐந்தாவது, காப்புறுதி. உங்களுக்கு ஹெலிகொப்டர் வருமெனில் அவனுக்கும் வருமா?

இவற்றுக்கு எழுத்தில் மறுமொழி கேளுங்கள். மறுமொழி தர மறுக்கும் முகவரை விட்டு வேறொருவரிடம் செல்லுங்கள். ஒருவர் கேட்டால் நகைப்பர். வெள்ளவத்தையிலிருந்து செல்வோர் அனைவரும் கேட்டால், கேள்விக்கு முன்னரே விடையை ஆயத்தம் செய்து வைப்பர். கேட்போர் பெருகினாற் சந்தையும் திருந்தும். மருத்துவ சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் பயணம் ஒழுங்கு செய்வோர் இதனை ஒரு நியதியாக்கிக் கொள்ளலாம்.

திரும்புதலும் வீரமே

இன்னொன்று உண்டு. வழிகாட்டி "போதும், திரும்புவோம்" என்றாற் திரும்புங்கள். பணம் கட்டியவன் என்ற எண்ணம் மலையிலே கொலைகாரனாகும். பிடிவாதமாக ஏறி நடுவழியில் விழும் பயணியைத் தூக்கிக்கொண்டு இறங்குவோரும் அதே கூலியாட்களே. ஒருவரது வீம்புக்காக இருவர் மூவர் உயிர் பணயம் வைக்கப்படுகின்றது. 2014-ம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அன்னபூர்ணாப் பகுதியின் தொரோங் கணவாயிலே திடீரெனப் பனிப்புயல் அடித்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் வழிகாட்டிகளும் சுமைகாரரும் இருந்தனர்.

திரும்புதல் இழிவன்று என்பதற்கு எமது சமயமே சான்று. திருநாவுக்கரசர் கயிலையைக் காண விழைந்து வடக்கே சென்றார். பாதம் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், மார்பால் நகர்ந்தார், புரண்டும் சென்றார். இறைவனே முனிவராய் வந்து திரும்புக என்றான். அங்கே ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது என்பது பெரிய புராணம். தம் சுமையைத் தாமே சுமந்து, தம் உடலையே தேய்த்து, முதலில் மீள மறுத்தும், இறுதியில் இறைவன் ஆணையை ஏற்றுத் திரும்பியவர் அப்பர். எமது காலத்திலும், 8,400 மீற்றரிலிருந்து திரும்பிய ஜொஹான் பீரிஸ் உயிரோடிருந்தமையாலன்றோ இரண்டு ஆண்டுகளின் பின் உச்சியைக் கண்டார்?

ஒடுக்கப்பட்டோம், எமது உழைப்புக்கு மதிப்பில்லை, எமது பெயர் வரலாற்றிலே விடுபட்டது என்று முறையிடும் உரிமை எமக்கு உண்டு, முறையிட்டும் வருகின்றோம். அம்முறையீட்டுக்கு உலகம் செவிசாய்க்க வேண்டுமானால், பிறர் உழைப்பை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதும் எமது வாயால் வெளிவர வேண்டும். காத்மண்டுவிலே பணம் கொடுக்கும் இடத்தில் நாம் துரைமாராகி, கொழும்பிலே உரிமை கேட்கும் இடத்தில் மட்டும் தொழிலாளராவது நேர்மையாகாது.

ஆகவே, இமயம் ஏற விழையும் இளைஞரே, செல்லுங்கள். உடலைப் பழக்கிச் செல்லுங்கள். கணக்குக் கேட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்து எமது சங்க மண்டபங்களிலே படம் காட்டிப் பேசும்பொழுது, ஏறிய உயரத்தோடு, மூட்டை சுமந்தவரின் பெயரையும் ஊரையும் அவர் பெற்ற நாட்கூலியையும் சேர்த்துக் கூறுங்கள். அவற்றைக் கூற முடிந்தவரின் பயணத்தையே நாம் மதிப்போம்.